சமாதானம் செய்துவைக்கச் சொன்னார்கள்

எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒரே நிருபத்தைப் படித்தோம். ஆதிச் சபையின் அப்போஸ்தலர் ஒருவர் சிறையில் இருந்துகொண்டு, தாம் உண்டாக்கிய சின்னச் சபை ஒன்றுக்கு எழுதி அனுப்பியது. மொத்தம் நாலே அதிகாரம். உட்கார்ந்து வாசித்தால் அடுப்பில் சோறு வேகும் நேரம்கூட ஆகாது. சந்தோஷத்தைப் பற்றிய நிருபம் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அந்த வருஷம் அதனால் கிடைத்தது எரிச்சல்தான்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் இறங்கி, மேலே ஏறி வரவேண்டிய தேயிலைத் தோட்டம் எங்களுடையது. என் அப்பாவும் அம்மாவும் அங்கேயே வேலை செய்தவர்கள். நான் எப்படியோ படித்து, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் ஆகியிருந்தேன். தோட்டத்தில் பெரும்பாலும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தாலும் எங்கள் தகரக் கூரை ஜெபக்கூடம் நிறையாது.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஹட்டனிலிருந்து உபதேசியார் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, சாதுவான மனிதர். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் யாத்திரை போகும் மாதங்களில் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வார். மழைக்கால மப்பு வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது. அதனால் வேதபாடம் வாசிப்பது என் வேலையாக இருந்தது. நான் வாசிப்பேன், அவர் விளக்குவார்.

பாட்டுக்கு இரண்டு அக்காமார் இருந்தார்கள். ஒருவர் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கல்யாணம் கட்டி வெகுகாலமாகியும் அந்த அக்காவுக்குக் குழந்தை இல்லை. மற்றவர் மேட்டு லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர், கொழுந்தெடுப்பவர். தோட்டத்திலேயே கை வேகம் கூடியவர்களில் ஒருவர், வாயும் அப்படித்தான். ஆயாக்கா முதல் அடியை எடுப்பார், மேட்டு லயத்து அக்கா இரண்டாம் அடியில் வந்து சேர்வார். ஆர்மோனியம் இல்லாத எங்கள் ஜெபக்கூடத்துக்கு இந்த இரண்டு குரலும்தான் வாத்தியம்.

நிருபத்தின் முதல் அதிகாரம் முடிந்திருந்தபோது அது நடந்தது. அடை மழை பெய்த ஒரு நாள். மேட்டு லயத்து அக்காவின் சின்ன மகள், அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை, பிள்ளைக்காம்பராவின் அடுப்படியில் கஞ்சிப் பானையைப் பிடித்து இழுத்துவிட்டது. இடது கையும் தோளும் வெந்துபோயின. அந்த நேரம் ஆயாக்கா தண்ணீர் எடுக்க, ஊற்று விழும் பீலிக்குப் போயிருந்தார். குழந்தையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

செய்தி கேட்டு, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மலையிலிருந்து தாய் ஓடிவந்தார். கூடையைக்கூட இறக்கவில்லை. டிஸ்பென்சரி வாசலில் எல்லோரும் பார்த்திருக்க இரண்டு பேரும் பேசியதை நானும் கேட்டேன்.

“தண்ணிக்குப் போனியா, கத பேசப் போனியா?”

“நான் ஒருத்தி தனியா எத்தன புள்ளையப் பாப்பேன்? தண்ணி எடுக்க நான் போகாம யாரு போவா? நீ நேரத்துக்குப் பால் குடுக்க வந்திருந்தா புள்ள அடுப்புக்கிட்ட போயிருக்காது.”

“கங்காணி விட்டாத்தான நான் வர முடியும்? ஒனக்கு எங்க தெரியப்போவுது. பெத்தாத்தான தெரியும்.”

குழந்தையின் மேல் போர்த்தியிருந்த தன் கம்பளியை வாங்கிக்கொள்ளாமலே ஆயாக்கா மழையில் இறங்கிப் போய்விட்டார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாளே மேட்டு லயத்து அக்கா அந்தக் கம்பளியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அவ்வளவுதான். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். ஆயாக்கா முதல் அடியை எடுப்பதை நிறுத்திவிட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். என் குரல் பாட்டுக்கு ஆனதல்ல. பாதியில் எல்லோரும் வெவ்வேறு சுருதியில் நின்றோம்.

உபதேசியார் இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தார். தன்னுடைய காரியத்தை மட்டும் பார்க்காமல் மற்றவர்களுடைய காரியத்தையும் பார்க்கவேண்டும் என்று அதில் வருகிறது. அதை ஒரு ஞாயிறு விளக்கினார். எதையும் முறுமுறுக்காமல் செய்யவேண்டும் என்பதை அடுத்த முறை விளக்கினார். அந்த இரண்டாவது பாடத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டவர் எங்கள் சபையின் செயலாளர். அவர் தோட்டக் கந்தோரின், அதாவது ஆபீஸின், பெரிய கிளாக்கர். மற்றத் தோட்டக் கிளாக்கர்மார் போல யாழ்ப்பாணத்துக்காரர் அல்ல, எங்களில் ஒருவர்தான். அப்பா கங்காணியாக இருந்தவர்.

அந்த வாரம் ஆயாக்கா கந்தோருக்குப் போனார். பிள்ளைக்காம்பராவுக்கு இன்னொரு ஆள் வேண்டும், அடுப்பை மறித்து ஒரு தடுப்பு வேண்டும் என்று கேட்கத்தான். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்புக்கட்டி வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். கிளாக்கர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஞாயித்துக்கெழம ஒக்காந்து என்ன கேட்டீங்க? முறுமுறுக்காம செய்யணும்னு கேட்டீங்களா இல்லையா? கேட்டுட்டு திங்கக்கெழமயே முறுமுறுத்துகிட்டு வந்தா எப்படி?”

ஆயாக்கா என்னைப் பார்த்தார். அந்த வரியை வாசித்தவள் நான். அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பிப் போனார். சுண்ணாம்புக்கட்டியை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தேன். அன்றைக்குப் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த முறை உபதேசியார் வந்தபோது அவரிடம் கேட்டேன். “முறுமுறுக்கக் கூடாதுன்னா கேக்கவே கூடாதா ஐயா? அடுப்புக்கு ஒரு தடுப்பு கேக்குறது முறுமுறுப்பா?”

“கேட்கிறது வேறை, முறுமுறுக்கிறது வேறை எண்டுதான் நினைக்கிறன் பிள்ளை.”

“அத அவருகிட்ட சொல்லுங்களேன்.”

“அவர் சபைச் செயலாளர் எல்லோ,” என்றார். பிறகு பஸ் நேரமாகிவிட்டதென்று எழுந்தார்.

நாலாம் அதிகாரம் வரப்போகிறது என்பது எனக்கு வேறொரு கவலை. அதில் அப்போஸ்தலர் அந்தச் சபையைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே சிந்தையாக இருங்கள் என்று கெஞ்சுகிறார். அவர்களுக்குள் என்ன சண்டை என்று எழுதவில்லை. எங்கள் ஜெபக்கூடத்தில் அதை வாசித்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று உபதேசியாரைக் கேட்டேன். வேதத்தில் பிடித்ததை வாசித்துப் பிடிக்காததைத் தாண்டிப் போக முடியாது என்றார். அது சரிதான். ஆனால் மற்றவர் காரியத்தைப் பார்க்கச் சொன்ன வரியைத் தாண்டிப்போகக் கிளாக்கருக்கு மட்டும் ஒரு வழி இருந்ததே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறும் வந்தது. வாசித்தேன். இரண்டு பெண்களின் பேரைச் சொல்லும்போதே பின்னால் யாரோ செருமினார்கள். எல்லாத் தலைகளும் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திரும்பின. உபதேசியார் நல்ல மனதோடுதான் செய்தார். இரண்டு அக்காமாரையும் முன்னால் வரச் சொன்னார். வந்தார்கள். வராமல் இருக்க முடியுமா, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கை கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். கிளாக்கர் “ஆமென்” என்று சத்தமாகச் சொன்னார். உபதேசியாரின் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்ததும் மேட்டு லயத்து அக்கா என் பக்கத்தில் நின்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “கையத்தான டீச்சர் குடுக்கச் சொன்னாரு? குடுத்தாச்சு.” திங்கட்கிழமை பீலிக்கரையில் ஒருவர் குடம் நிரம்பும்வரை மற்றவர் எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் கழித்து இதை உபதேசியாரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. என் வேதப்புத்தகத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அதே இடத்தைத் தேடி எடுத்தார்.

“இந்த ரெண்டு பெண்களுக்கும் உதவிசெய் எண்டு இன்னொரு ஆளிட்டைச் சொல்லுறார், கண்டனீரோ? கூட்டாளியே எண்டு கூப்பிடுறார். அது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, பேர் இல்லை.” புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். “இந்தத் தோட்டத்திலை அந்த ஆள் நீர்தான் பிள்ளை. எனக்கு மாசத்திலை ரெண்டு நாள். நீர் இஞ்சை இருக்கிறனீர்.”

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. அந்தப் பெயரில்லாத ஆள் என்ன செய்தார் என்று நிருபத்தில் ஒரு வரியும் இல்லை. அவரால் முடிந்ததா என்றும் இல்லை. உதவிசெய் என்று எழுதிவிட்டு அப்போஸ்தலர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்பதுதான் அந்த அடுத்த விஷயம்.

நான் முயன்று பார்த்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரையும் என் வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். மற்றவர் வருவது இருவருக்கும் தெரியாது. தேங்காய் ரொட்டி சுட்டு, மாசிச் சம்பல் இடித்து வைத்திருந்தேன். ஆயாக்கா முதலில் வந்தார். மேட்டு லயத்து அக்கா வாசலில் வந்து நின்று பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வந்து உட்கார்ந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டார். இருவரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். “சம்பல்ல கொஞ்சம் புளி கூடிப்போச்சு டீச்சர்” என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதுவும் தனித்தனியாக.

ஆயாக்காவிடம் தனியாகப் போய்ப் பேசினேன். “கோவத்துல சொன்ன வார்த்தக்கா அது. மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் ஒரு குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தார். “அவ கோவத்துலதான் சொன்னா. ஆனா நெனச்சு வச்சிருந்ததத்தான சொன்னா. நான் பாக்குற புள்ளைங்க எல்லாத்தோட தாய்க்கும் மனசுல அதுதான் இருக்கும்போல. இப்ப ஒவ்வொருத்தியும் புள்ளைய விட்டுட்டுப் போறப்ப நான் மொகத்தப் பாக்குறேன். முன்னாடி பாத்ததில்ல.”

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். “மன்னிச்சுட்டேன்” என்றார். “பேசத்தான் முடியல.”

மேட்டு லயத்து அக்காவிடம், ஒரு வார்த்தை நீங்களாகப் போய்ச் சொன்னால் முடிந்துவிடும் என்றேன். வெந்தது யாருடைய பிள்ளை என்று திருப்பிக் கேட்டார். இருவருமே கெட்டவர்கள் இல்லை. ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். இருவரையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இதில் மாட்டிவிட்ட உபதேசியாரை நினைத்தால் இன்னும் கூடுதலாக.

மழை ஓய்ந்து கொழுந்து பொங்கி வந்த ஒரு மாதத்தில், இன்னொரு குழந்தை அடுப்படிக்குப் போய்க் கொள்ளிக்கட்டையைப் பிடித்துவிட்டது. பெரிய காயமில்லை, விரல் நுனி மட்டும் சுட்டிருந்தது. அன்று மாலை கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த மேட்டு லயத்து அக்கா பள்ளிக்கூடத்து வாசலில் என்னைப் பார்த்து, “பாத்தீங்களா டீச்சர், மறுபடியும்” என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பாத்தேன்க்கா. அந்த அக்கா ரெண்டாவது ஆளும் அடுப்புக்குத் தடுப்பும் கேட்டு அப்பவே கந்தோர்ல போயி நின்னாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?”

“கேட்டாளா?”

“கேட்டாங்க. முறுமுறுக்காதன்னு சொல்லி கிளாக்கரையா அனுப்பிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

அவர் கூடையின் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். “எப்ப?”

“ஒங்க புள்ளைக்கு வெந்த பொறகு. அந்த மழ நாளையிலயே.”

நான் கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போகும் நேரம். நான் பள்ளிக்கூடத்தைத் திறக்க வந்துகொண்டிருந்தேன். மேட்டு லயத்து அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றார். உள்ளே ஆயாக்கா தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். மேட்டு லயத்து அக்கா அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

“பெரட்டுக்களத்துக்கு இன்னைக்குத் தொரை வர்றாரு. நான் கேக்கப் போறேன். கூட வர்றவங்க வரலாம்.”

திரும்பி நடந்தார். ஆயாக்கா ஒரு கணம் தொட்டில் சேலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு அங்கே நின்ற ஒரு தாயிடம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தார். பள்ளிக்கூடத்துச் சாவியோடு நானும் போனேன். ஏன் போனேன் என்றால், போகாமல் எப்படி இருப்பது?

தோட்டத்தை நடத்தும் தொரை வெள்ளைக்காரர். தோட்டத்திலேயே கற்றுக்கொண்ட தமிழில் பேசுவார். பெண்கள் நேரே வந்து அவர்முன் நிற்பது வழக்கமில்லை. கங்காணி தடுக்கப் பார்த்தார். மேட்டு லயத்து அக்கா மகளின் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார்.

“இது எம்புள்ளதாங்க தொரை. கஞ்சியில வெந்துச்சு. நேத்து இன்னொரு புள்ள கொள்ளியப் புடிச்சிருச்சு. புள்ளைக்காம்பராவுல ஒரு ஆளுதான். அடுப்புக்கு மறைப்பு இல்ல. அந்த ஒரு ஆளு தண்ணிக்குப் போனா புள்ளைங்களப் பாக்க நாதியில்லைங்க.”

தொரை ஆயாக்காவைப் பார்த்தார். “நீ சொல்லு. இது சரியா?”

“அவங்க சொல்றது சரிங்க” என்றார் ஆயாக்கா.

தொரை என்னையும் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அங்கே நின்ற பெரிய கிளாக்கரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கேட்டதில் பாதி கிடைத்தது. அந்த வாரமே தச்சு ஆசாரி வந்து அடுப்படிக்கு ஓர் அரைக்கதவு போட்டார். உள்பக்கம் கொக்கி. இரண்டாவது ஆள் கொழுந்து கூடுதலாக வரும் மாதங்களுக்கு மட்டும் என்றார்கள். மற்ற மாதங்களில் ஆயாக்கா தனியாகத்தான்.

அந்தப் பாதிக்கும் விலை இருந்தது. அடுத்த சபைக் கூட்டத்தில், டீச்சர் பெண்களைத் தூண்டிவிடுகிறார், தொழிற்சங்க வேலையை ஜெபக்கூடத்துக்குள் கொண்டுவருகிறார் என்று கிளாக்கர் சொன்னார். வேதபாடம் வாசிக்கும் பொறுப்பை அவருடைய மச்சானுக்கு மாற்றினார்கள். அந்த மனிதர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். உபதேசியார் கூட்டத்தில் இருந்தார். மறுத்துப் பேசவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவரைப் பாதையில் மறித்தேன். “நீங்கதான ஐயா சொன்னீங்க, அந்த ஆளு நான்தான்னு?”

“சொன்னனான்தான்.” குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார். “இப்பிடி வருமெண்டு நான் நினைக்கேல்லை பிள்ளை. அவையள் ரெண்டு பேரும் இப்ப கதைக்கினமோ?”

“இல்லைங்க.”

“கதைக்கேல்லையோ,” என்றார் வருத்தத்தோடு. அவருக்கு அதுதான் கணக்கு. அரைக்கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபம் வெகுநாள் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நானும் அதையேதான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக நின்று பாடவேண்டும். அது நடக்கவில்லை என்ற ஏமாற்றம் எனக்கும் இருந்தது. அப்போஸ்தலர் ஒரே சிந்தையாக இருக்கச் சொன்னாரே தவிர, பேசிக்கொள்ளச் சொல்லவில்லை என்று ஒருநாள் தோன்றியது. பெரட்டுக்களத்தில் அந்த இரண்டு பேருக்கும் ஒரே சிந்தைதான் இருந்தது. அதை உபதேசியாரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரைப் பதுளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ. எனக்கே சில நாள் அது சரியாகப் படும், சில நாள் சமாளிப்பாகப் படும்.

அறுபதுகள் பிறந்த பிறகு மேட்டு லயத்து அக்காவுக்கு இன்னொரு குழந்தை பிறந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை அவர் குழந்தையோடு போவதைப் பார்த்து, நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிடுவார் என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போய், குழந்தையை ஆயாக்காவின் கையில் கொடுத்தார். ஆயாக்கா வாங்கிக்கொண்டார். குழந்தையின் தலைக்குக் கீழே கையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

பாதையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “இவ்வளவு ஆன பொறகு ஒரு வார்த்த பேசுனா என்னக்கா?”

அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே நடந்தார். “பேசாம என்ன டீச்சர் கொறஞ்சு போச்சு? புள்ளையக் குடுத்துட்டு வர்றேன். அதுக்கு மேல எதக் குடுக்கச் சொல்றீங்க?”

மேலே பெரட்டுக்கு இரண்டாம் தடவை கொம்பு ஊதினார்கள். அவர் வேகமாக ஏறிப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் முன்னால் வந்தது. அதோடேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் மணியை அடித்தேன்.